கால்வேலிக்காரர் குடத்துக்குள் போன கதை

மேடையும் மைக்கும் கிடைத்த தலைவர் எவரும் உத்திரமேரூரைச் சும்மா விடுவதில்லை. 2020 டிசம்பரில் டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே அந்த ஊரின் பெயரைச் சொன்னார். அவருக்கு முன்னும் பின்னும் சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. இந்த ஒரு விஷயத்தில் கட்சி வேறுபாடும் கிடையாது. வெள்ளைக்காரன் 1215இல் மாக்னா கார்ட்டா எழுதுவதற்கு முந்நூறு வருடம் முன்பே எங்கள் பாட்டன் குடவோலை போட்டான் என்று குரலை ஏற்றினால் கைதட்டல் நிச்சயம். கைதட்டல் அடங்கியதும் எல்லோரும் கார் ஏறிவிடுகிறார்கள். இந்தக் குடவோலை விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுக்கப் படித்துவிட்டு மேடை ஏறியவர்கள் அதிகம் இருக்க முடியாது. படித்திருந்தால் பாதிப் பேர் ஏறியிருக்க மாட்டார்கள்.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் காந்தி ரோட்டோடு திரும்பிவிடுவார்கள். இன்னும் தெற்கே முப்பது கிலோமீட்டர்போலப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலின் முன்மண்டபச் சுவரில்தான் சங்கதி இருக்கிறது. சபை கூடிய இடமும் அதுவே. அதாவது, ஊரை ஆண்டவர்கள் உட்கார்ந்த இடத்தின் சுவரிலேயே அவர்களுக்கான தடைகளை வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்குச் சற்றுக் குறைவாக அது அங்கேயே கிடந்தது. 1898இல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்து அந்த ஆண்டுப் பட்டியலில் முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் நமக்குப் பெருமை வந்தது.

எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் பெருமையைவிடச் சிரிப்புத்தான் முந்துகிறது. ஒரு சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருந்தால் அந்தச் சுவரின் முழு வரலாறும் நமக்குத் தெரிந்துவிடும் அல்லவா? உத்திரமேரூர்ச் சுவரும் அப்படித்தான். கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது என்று வெட்டியிருக்கிறார்கள் என்றால், எவனோ ஒருவன் காட்டவில்லை. அவனுடைய மைத்துனனும் கூடாது என்று வெட்டியிருக்கிறார்கள் என்றால், அந்த மைத்துனன் அடுத்த வருடமே வந்து நின்றிருக்கிறான். பத்திரிகை இல்லாத காலத்தின் ஊழல் செய்திகளைத்தான் நாம் ஜனநாயகச் சாசனம் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

காலம் பராந்தக சோழன் காலம். தொண்டை மண்டலம் பல்லவர் கையிலிருந்து சோழர் கைக்கு வந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. பராந்தகன் மதுரையைப் பிடித்து, 'மதுரை கொண்ட' என்பதைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தவன். அப்படிப்பட்டவனுக்கு உத்தரமேரு சதுர்வேதிமங்கலத்தில், அதாவது நம் உத்திரமேரூரில், தோட்ட வாரியத்துக்கு யார் போகிறார்கள் என்பது என்ன தலைவலி என்று கேட்கலாம். போர் நடத்தக் காசு வேண்டும். காசு நிலத்திலிருந்து வரவேண்டும். நிலத்துக்கும் அரசனுக்கும் நடுவில் இந்தச் சபைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 919இல், அவன் ஆட்சியின் 12ஆம் ஆண்டில், தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி வந்து சபையோடு உட்கார்ந்தார். அரசனின் ஓலை வாசிக்கப்பட்டது. சபை 'தன்னிச்சையாக' ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. கலெக்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானங்கள் எப்படி ஏகமனதாக நிறைவேறும் என்பதைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அந்த ஏற்பாடு இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. 921இல் இன்னொரு அதிகாரி, சோமாசிப் பெருமான் என்பவர், சோழ நாட்டிலிருந்து வந்து இறங்கினார். விதிகள் திருத்தப்பட்டன. முதல் ஏற்பாட்டில் வயது வரம்பு முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டாவதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். கீழே ஐந்து கூடியது, மேலே பத்து. இதற்கு ஆராய்ச்சியாளர்கள் என்ன காரணம் சொன்னாலும், அந்த இரண்டு வருடத்துக்குள் ஊரில் யாரோ ஒரு பெரிய மனிதருக்கு அறுபது நிறைந்திருக்கிறது என்றுதான் என் கட்சி.

இனி நம் கதாநாயகரைப் பார்ப்போம். குலுக்கலில் வென்றவர்களின் பட்டியல் அந்தக் கல்வெட்டுகளில் இல்லை. ஆகவே அவரைக் கால்வேலியார் என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி அவரிடம் இருந்தே ஆகவேண்டிய சொத்து அதுதான்: இறை கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். வேலியின் அளவு ஊருக்கு ஊர் ஆடும் என்றாலும் இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல் என்று கொள்ளலாம். நிலம் இருந்தால் போதாது, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வாடகை வீட்டு அறிவுஜீவிகள் அப்போதே அடிபட்டார்கள். வேதமும் தெரிந்திருக்க வேண்டும், பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு. அரைக்கால் வேலிதான் இருக்கிறதா? பரவாயில்லை, ஒரு வேதத்தோடு ஒரு பாஷ்யத்தையும் விளக்கத் தெரிந்தால் பெயரைக் குடத்தில் போடலாம். முக்கால் ஏக்கர் குறைந்தால் ஒரு பாஷ்யம் கூடுதல். படிப்புக்கும் நிலத்துக்கும் இவ்வளவு துல்லியமான மாற்று விகிதம் அதற்குப் பிறகு கல்யாணச் சந்தையில்தான் வந்தது.

கால்வேலிக்காரர் குடத்துக்குள் போன கதை என்று ஆரம்பித்துவிட்டு இப்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கால்வேலியார் ஏர் பிடித்திருக்க வாய்ப்பில்லை. ஊர் பிரமதேயம் (பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்), நிலம் அவருடையது, சேற்றில் இறங்கிய கால் வேறு யாருடையதோ. அந்தக் காலுக்குச் சொந்தக்காரரின் பெயர் எந்தக் குடத்திலும் விழவில்லை. அவர் கட்டிய ஏரிக்கரைக்கு வாரியம் இருந்தது, அவருக்கு வாரியத்தில் இடம் இல்லை. பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூடாதவர்கள் பட்டியலில்கூட அவர்கள் இல்லை. தடை செய்யும் அளவுக்குக்கூட ஒருவரும் அவர்களை நினைக்கவில்லை. விவசாயி என்று வேட்புமனுவில் தொழில் எழுதிவிட்டுப் பண்ணையைக் குத்தகைக்கு விடும் வழக்கத்துக்கு ஆயிரத்து நூறு வருட வயது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

கால்வேலியாருக்கு முப்பத்தைந்து தாண்டியது. அவர் குடும்பில் (ஊரில் முப்பது குடும்பு, இன்றைய வார்டு மாதிரி) தகுதியுள்ள எல்லோர் பெயரும் தனித்தனி ஓலை நறுக்கில் எழுதப்படுகின்றன. அந்தக் குடும்பின் நறுக்குகள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, எந்தக் குடும்பு என்று மேலே ஓலை வைத்து, குடத்துக்குள் போகின்றன. இப்படி முப்பது கட்டு. பிரசாரம் கிடையாது. போஸ்டர், பொன்னாடை, பிரியாணி எதுவும் கிடையாது. ஏனென்றால் ஓட்டே கிடையாது. நாம் தேர்தல் என்று கொண்டாடும் இதில் ஓட்டுப் போட்டவர் ஒருவருமில்லை. இது அப்பட்டமான குலுக்கல்.

குலுக்கல் என்பதற்காக இளப்பமாகப் பேச வேண்டியதில்லை. ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் ஐந்நூற்றுவர் அவையைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். பதவி முடிந்ததும் கணக்கும் கேட்டார்கள். வெனிஸ்காரர்கள் 1268இல் தங்கள் தலைவரைப் பிடிக்கச் சீட்டு, ஓட்டு, மறுபடி சீட்டு என்று வளைத்து வளைத்து ஒரு முறை கண்டுபிடித்தார்கள். அதில் பந்தை எடுக்க ஒரு சிறுவனைத் தெருவிலிருந்து கூட்டி வருவார்கள். உத்திரமேரூரிலும் ஒரு சிறுவன். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத பாலகன் என்று கல்வெட்டு அழுத்திச் சொல்கிறது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: வயதுக்கு வந்த ஒருவனையும் நம்பக் கூடாது.

குலுக்கல் நாளன்று சபை முழுக்கக் கூட வேண்டும், இளையவர் முதியவர் எல்லோரும். அன்றைக்கு ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் (பூசகர்கள்) ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு வெற்றுக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து சிறுவன் ஒரு நறுக்கை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். விரல் இடுக்கில் இன்னொரு ஓலையைச் செருகிக்கொண்டு வந்த ஒரு மத்தியஸ்தன் எங்கோ, எப்போதோ மாட்டியிருக்கிறான். சரி, வாசித்தாயிற்றா? போதாது. அவன் வாசித்ததை அங்கே இருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் வாங்கி மறுபடி வாசிக்க வேண்டும். எழுதியிருப்பது ஒன்று, வாசித்தது ஒன்று என்ற கலையும் நம் நாட்டுக்குப் புதிதல்ல.

இந்தச் சந்தேகம் சோழர் காலத்துச் சரக்கும் அல்ல. அதற்குப் பல நூற்றாண்டு முந்திய அகநானூற்றின் 77ஆம் பாட்டிலேயே குடவோலை வந்துவிடுகிறது. மருதன் இளநாகனார் பாடியது. போர்க்களத்தில் விழுந்தவன் குடலைக் கழுகு பிடுங்கி இழுக்கிறது. எதைப் போல? கயிறு கட்டிய குடத்தின் முத்திரையைப் பார்த்து உடைத்து, உள்ளிருந்து ஓலையை இழுக்கும் அதிகாரிகளைப் போல! தமிழில் வாக்குப்பெட்டிக்குக் கிடைத்த ஆதி உவமை பிணந்தின்னிக் கழுகு. இதை மட்டும் எந்தத் தலைவரும் மேடையில் எடுத்துக்காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கால்வேலியார் பெயர் வந்துவிட்டது. பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். முதலில் அவரைத் தோட்ட வாரியத்துக்கோ ஏரி வாரியத்துக்கோதான் அனுப்புவார்கள். தோட்டத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரிக்கு ஆறு பேர். சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம், என்ற மேல் அடுக்குக்கும் பன்னிரண்டு பேர் உண்டு. ஆனால் அதற்குத் தோட்டத்திலும் ஏரியிலும் பழம் தின்று கொட்டை போட்ட, வயதிலும் படிப்பிலும் மூத்தவர்கள்தான் போகலாம். ஒருமுறை வாரியம் செய்தவர் மூன்று வருடம் ஒதுங்கி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டம் அடித்தால்கூட முப்பத்தைந்தில் தோட்டம், முப்பத்தொன்பதில் ஏரி, நாற்பத்து மூன்றில்தான் உச்சம். அப்பா தலைவர், மகன் இளைஞரணி, பேரன் தயார் என்ற குறுக்குச் சந்து அங்கே அடைக்கப்பட்டிருந்தது.

ஏரி வாரியம் என்றால் லேசுப்பட்டதல்ல. ஊரின் ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். பல்லவ தந்திவர்மனின் பட்டப்பெயர் அது. அரசு மாறியது, ஏரி மாறவில்லை, தூர் சேர்வதும் நிற்கவில்லை. தண்ணீர் யார் வயலுக்கு முதலில் என்ற சண்டையில் ஆறு பேர் நடுவில் நிற்க வேண்டும். அதில் கால்வேலியாரின் பங்காளிகளும் இருப்பார்கள். அந்த வருடம் அவர் வீட்டுப் பந்தியில் எத்தனை பேர் கைநனைக்காமல் எழுந்து போனார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

பொன் வாரியத்துக்கு ஆறு பேர். பொன்னின் மாற்று பார்ப்பவர்களுக்கு இதே ஊரின் இன்னொரு கல்வெட்டு விதித்திருக்கும் கட்டுப்பாட்டை காஞ்சிபுரம் பட்டுக் கடைக்காரர்கள் கட்டாயம் ரசிப்பார்கள். பொன்னை உரைகல்லில் தேய்த்தால் துகள் ஒட்டும். அந்தத் துகளை மெழுகால் ஒற்றி எடுப்பார்கள். அந்த மெழுகை ஏரி வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும்! பொன் பார்ப்பவன் மெழுகு உருண்டையை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வருடக் கடைசியில் அவன் மனைவி காதில் புதுத் தோடு மின்னும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பொன்னைத் தேவைக்கு மேல் அழுத்தித் தேய்க்கக் கூடாது என்பதும் விதி. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று இன்று காஞ்சிபுரத்தில் நடக்கும் அத்தனை விசாரணைக்கும் பாட்டன் சொத்து இது.

இப்போது முந்நூற்று அறுபது நாள் முடிந்தது. கால்வேலியார் கணக்குக் கொடுக்க வேண்டும். இங்கேதான் கல்வெட்டு உச்சக்கட்ட வெறியில் இருக்கிறது.

919இல் பதவி முடிந்தவர்களின் 'நெருங்கிய உறவினர்' கூடாது என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள். நெருங்கிய என்றால் யார்? பெரியம்மா மகன் நெருக்கமா? பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் நெருக்கமா? இந்த வாதம் இரண்டு வருடம் ஓடியிருக்கும் போலிருக்கிறது. 921இல் பொறுமை இழந்து பட்டியலே போட்டுவிட்டார்கள். வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது. அவனுடைய சின்னம்மா, பெரியம்மா மக்கள் கூடாது. அத்தை மக்கள், மாமன் மக்கள் கூடாது. தாயோடு பிறந்தவன், தகப்பனோடு பிறந்தவன், தன்னோடு பிறந்தவன் கூடாது. பெண் கொடுத்த மாமனார், மனைவியோடு பிறந்த மைத்துனன், சகோதரியைக் கட்டியவன், சகோதரி பிள்ளைகள், மகளைக் கட்டிய மருமகன், அப்பா, மகன், ஒருவரும் கூடாது. ஒரு கல்யாணத்தில் பத்திரிகையை நேரில் போய் வைத்தே ஆக வேண்டிய அத்தனை வீடுகளும் இதில் அடங்கிவிட்டன. ஒருவன் ஏரிக் கணக்கை அமுக்கினால் ஒரு வம்சமே வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த வீடுகளில் பொங்கலன்று என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நினைத்தாலே ஆனந்தமாக இருக்கிறது.

நம் காலத்துக்கு வாருங்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்காத வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் மூன்று வருடத் தடை விதிக்கலாம். அவருக்கு மட்டும்தான். மைத்துனர் மறுநாளே மேளதாளத்தோடு மனுத்தாக்கல் செய்யலாம். செய்கிறார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர் விடுதலையாகி ஆறு வருடம் காத்திருந்தால் திரும்பி வரலாம். உத்திரமேரூரில் பிறர் பொருளைத் திருடியவன், மகாபாதகம் செய்தவன், கூடாத உறவு கொண்டவன், கூடாததைத் தின்றவன் எல்லோருக்கும் ஆயுள் தடை. பிராயச்சித்தம் செய்திருந்தாலும் தடைதான். பெருமாள் மன்னித்துவிடுவார், பெருமாள் கோயில் மண்டபத்தில் கூடுகிற சபை மன்னிக்காது. கிராமத்துக்கு முள்ளாக இருப்பவன் என்று ஒரு வகையையும் தனியாகக் குறித்திருக்கிறார்கள். அந்த வகைக்குள் யாரை வேண்டுமானாலும் தள்ளலாம் என்பதால் அது எல்லா ஆட்சிகளுக்கும் பிடித்த வகை.

கணக்கு எழுதுகிறவனையும் விடவில்லை. நேர்மையாகப் பொருள் சேர்த்தவன்தான் கணக்கு எழுதலாம். தன் கணக்கை அவனே கொண்டுவந்து காட்டித் தேற வேண்டும், அதுவரை மறுபடி பேனாவை, மன்னிக்கவும், எழுத்தாணியைத் தொடக் கூடாது. இவ்வளவும் ஊரில் துஷ்டர் கெட்டு நல்லவர் தழைப்பதற்காக என்று 921ஆம் ஆண்டுக் கல்வெட்டே காரணம் சொல்கிறது. சபை உத்தரவிட, இதை எழுதியவர் ஊர் மத்தியஸ்தன், காடாடிப் போத்தன் சிவக்குறி ராஜமல்ல மங்கலப்பிரியன். ஐந்து விரலையும் விரித்துக் காட்டு என்று தனக்கே விதித்த கட்டளையைத் தானே எழுதி, கீழே பெயரும் போட்ட மனிதர். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மரியாதை தோன்றுவது அவர் ஒருவர் மேல்தான்.

கால்வேலியாருக்கே எல்லாப் பெருமையையும் கொடுத்துவிட்டுக் காஞ்சிபுரத்தை விட்டுவிட்டால் நெசவாளர் தெருவில் கோபித்துக்கொள்வார்கள். உத்தமசோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டில், அதாவது காஞ்சியில், ஊரகத்துப் பெருமாள் கோயில் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நகரின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர்களிடம், நெசவாளர்களிடம், ஒப்படைத்த சேதி அதில் உண்டு. ஊரகத்துப் பெருமாள் என்றால் இன்றைய உலகளந்த பெருமாள். உத்திரமேரூரில் கால் வேலியும் வேதமும் கேட்டார்கள். காஞ்சியில் தறிக்காரர்களை நம்பினார்கள். இழை எண்ணுகிறவனுக்குக் காசு எண்ணத் தெரியும் என்று நினைத்திருக்கலாம். அல்லது நெசவாளர் தலையில் கட்டினால்தான் வேலை நடக்கும் என்ற பழக்கம் அப்போதே தொடங்கியிருக்கலாம்.

இத்தனை சந்தேகப் பிராணிகள் சேர்ந்து போட்ட வலையிலும் ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. அந்த உறவுப் பட்டியலை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக எத்தனை தடவை பார்த்தாலும் இரண்டு பேர் என் கண்ணில் படவில்லை. ஒருவர் மகனுக்குப் பெண் கொடுத்த சம்பந்தி. இன்னொருவர் மனைவியின் தங்கையைக் கட்டிய சகலை. கணக்குக் காட்டாமல் கால்வேலியார் வீட்டில் முடங்கிய வருடம், குடத்திலிருந்து சிறுவன் எடுத்த அடுத்த ஓலையில் யார் பெயர் இருந்திருக்கும் என்பதற்கு நான் பந்தயம் கட்டத் தயார்.